யார் பேருக்கு?

குண்டு விழுகிறது. நான் ஆட்டுப் பட்டிக்குள் குப்புறக் கிடக்கிறேன். ஆடுகள் நிற்கின்றன. தொப்பையோடு ஒருவன் தங்கள் கால்களுக்கு நடுவில் புகுந்ததைப் பார்த்துத்தான் அவை பயந்திருக்கும். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை என் வயிற்றில் குத்துகிறது.

"படுங்க! படுங்க!" கரீம் கத்துகிறான். ஏற்கெனவே படுத்துவிட்டேன். அதில் மட்டும் அவனை முந்தினேன்.

ஹஜ்ஜுப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை. எல்லையோர அகதி முகாம். நாட்டின் பெயரை எழுதவில்லை. கரீமின் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

நான் பினாங்கு சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவன். இங்குள்ளவர்கள் குர்பானிக்குக் கொடுத்த பணத்தில் ஆடு வாங்கி, அறுத்து, முகாமில் பங்கு வைக்கப் போனேன். கரீம் என் கடையில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவன். மகளோடு இருக்க ஊர் திரும்பினான். போர் இருவரையும் முகாமுக்குத் தள்ளியது.

குண்டு நின்றது. பட்டியின் மறுபக்கம் பாதி ஆடுகள் செத்துக் கிடந்தன. கரீமின் மகள் சல்மா தண்ணீர்க் குழாயடியில் கிடந்தாள். ஐந்து வயது. அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மதியம் ஒரு சிப்பாயை இழுத்து வந்தார்கள். எதிரிப் படை. காட்டோரம் பிடித்தார்களாம். கை கட்டியிருந்தது. தொடையில் ரத்தம். மீசை சரியாக முளைக்கவில்லை. முகாமில் நல்ல கத்தி என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, நீங்க அறுங்க," என்றான் கரீம். "பிஸ்மி சொல்லி அறுங்க."

"அவன் ஆடு இல்லடா."

"ஆட்டைவிடக் கேவலம். போர்ல எதிரியக் கொல்லலாம்னு மார்க்கத்துல இருக்குலா. நம்ம பினாங்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொன்னாரு."

"துப்பாக்கி புடிச்சு நிக்கிறவனச் சொன்னாரு. இவன் கை கட்டியிருக்கு."

"சல்மா கையில என்ன இருந்துச்சு?"

கடையில் வாய்ச்சண்டைக்குப் பேர் போனவன் நான். அங்கே ஓடலாமா என்று பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள். சிப்பாயை ஆட்டைப் போலவே, தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள். கால்களை அமுக்கினார்கள். முந்தின நாள் ஆடுகளைப் பிடித்த அதே கைகள்.

கத்தியை என் கையில் திணித்தார்கள். மூளை நின்றுவிட்டது. வாய் பழக்கத்தில் ஓடியது. குர்பானி யாராவது ஒருவர் பெயரில்தான் கொடுக்கப்படும். ஒவ்வோர் ஆட்டுக்கும் முன்னால் நான் கேட்பதைக் கேட்டேன்.

"யார் பேருக்கு?"

கரீம் வாயைத் திறந்தான். "சல்..." அவ்வளவுதான். மகளின் பெயரை அந்தக் கழுத்தின் மேல் வைக்க அவனால் முடியவில்லை. புழுதியில் உட்கார்ந்தான். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. முந்தின நாள் முழுக்கக் கேட்ட அந்த இரண்டு சொல் தெரியும். கைகள் ஒவ்வொன்றாக விட்டன.

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் உளறியது. கைலியும் நனைந்திருந்தது. ஆட்டு மூத்திரம் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு சிப்பாயைக் கூடாரத்தில் கட்டிப் போட்டார்கள். விடிந்தபோது செத்துக் கிடந்தான். கழுத்தில் கயிற்றுத் தடம். யார் செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்தவனிடம் யாரும் பெயர் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது என் கடை டிவியில் வேறொரு போர் ஓடுகிறது. தே தாரேக் டீக்குச் சர்க்கரை குறைவு என்று என்னைத் திட்டும் வாடிக்கையாளரின் அதே வாய், "எல்லாரையும் கொல்லணும்லா, நன்மைதான்," என்கிறது. அல்லாஹ்வின் கணக்கை நாற்காலியில் சாய்ந்தபடி எழுதுகிறீர்கள். உங்களைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. வாடிக்கை போனால் போகட்டும். யார் பேருக்கு என்று சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

போனவை: சல்மா. குழாயடியில் அவளோடு நின்ற இரண்டு பெண்கள். பட்டியில் பாதி ஆடுகள். என் கத்தி, ஆற்றில் எறிந்தேன். கரீம் உயிரோடு இருக்கிறான். தொழுகிறான். என்னோடு பேசுவதில்லை. அறுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறானா, கத்தியைத் தொட்டிருக்கவே கூடாது என்று நினைக்கிறானா, தெரியாது. பிறகு அந்தச் சிப்பாய். ஒருவன்.

அவன் பெயர் தெரியாது.