பத்து நாள் காய்ந்த அடினியம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்து நாளு ஒரு சொட்டு தண்ணி ஊத்தலக்கா, அப்பவும் அது சாவல" என்றாள் இளையவள்.

"எதுடி?"

"பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வச்சிருக்காளே, அந்த அடினியம் செடி. அடி குண்டா பெருத்து, ரோஸ் கலர்ல பூக்குமே. வேளாங்கண்ணிக்குப் போறேன், பாத்துக்கன்னு எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனா."

"அப்புறம் ஏன் ஊத்தல?"

"தெருவுல போறவங்க எல்லாரும் அவ வாசல்லயே நின்னு பாக்குறாங்கக்கா. என் ரோஜாவ ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"வந்து திட்டினாளா?"

"எங்க திட்டுறா? செடி முழுக்கப் பூத்திருந்துச்சு. உன் கைராசின்னு சொல்லி ஒரு கிளைய வெட்டிக் குடுத்தா. தண்ணி ஜாஸ்தி ஊத்தாத, காய விட்டாதான் பூக்கும்னா. என் வீட்ல பூத்துடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொல்றா, எனக்குத் தெரியாதா? ரெண்டு வேளையும் நல்லா ஊத்தினேன்."

புதுச்சத்திரத்தில் பேருந்து நின்று கிளம்பியது.

"பூத்துச்சா?"

"அழுவிப் போச்சு. குடுக்கும்போதே அவ நல்ல மனசோட குடுக்கலக்கா."