மூணு டாக்டருக்கு மூணு பை

...ஒரே கூரை தம்பி, ஒரே கூரை! ஒரே வாசல், ஒரே லிஃப்ட், தண்ணி குடிக்கிற மெஷின்கூட ஒண்ணே ஒண்ணுதான். ஆனா இந்த டாக்டரு குடுக்குற மாத்திரை அந்த டாக்டருக்குத் தெரியாது, அவரு குடுக்குறது இவருக்குத் தெரியாது. அடுத்தடுத்த ரூம்! நடுவுல ஒரே ஒரு சுவரு. இந்தப் பக்கம் தும்முனா அந்தப் பக்கம் கேக்கும். ஆனா பேசிக்க மட்டும் மாட்டாங்களாம். என்ன அநியாயம் பாரு!

நீ உக்காரு, உக்காரு. இந்த நாற்காலியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்து முடுக்கி வெச்சிருக்காங்க, நீ ஆடுனா நானும் சேந்து ஆடணும். என்ன, பல்லு புடுங்கினாங்களா? பஞ்சா வாயில? அர மணி நேரம் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. இல்ல... உனக்கு நல்லதுன்னு சொன்னேன். பேசுனா ரத்தம் நிக்காது. நீ பேசவே வேணாம், நான் பாத்துக்குறேன்.

அதோ, அந்த மூடின கதவு இருக்குல்ல, எங்க வீட்டுக்காரர் அதுக்குள்ளதான் இருக்காரு. கூட யாரு யாரு தெரியுமா? இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், முட்டிக்கு ஒரு டாக்டர். மூணு பேரும்! ஒரே ரூம்ல! என்னை மட்டும் 'கொஞ்சம் வெளிய இருங்கம்மா'ன்னுட்டாங்க. என்னை! அவருக்கு எங்க வலிக்குதுன்னு டாக்டருக்குச் சொல்றதே நான்தான் தம்பி. அவருக்குத் தன் உடம்பப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. கேட்டா 'லேசா'ம்பாரு. கீழ விழுந்து கிடந்தப்பகூட, 'என்னங்க பண்ணுது'ன்னு கதறுறேன், 'லேசாத்தான்'னாரு.

ஆமா தம்பி, விழுந்துட்டாரு. போன வாரம். காபியக் குடிச்சாரு, பேப்பர எடுத்தாரு, எந்திரிச்சாரு, அப்படியே சரிஞ்சுட்டாரு. கை நடுங்குது, சட்டையெல்லாம் வேர்வை, என்னையே யாருன்னு கேக்குற மாதிரி பாக்குறாரு. எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவ வந்துடுச்சு. தனியா குளிக்க விடறதில்ல நான். கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருப்பேன். பதில் வரலைன்னா தட்டுவேன். 'நிம்மதியா சோப்புப் போட விடு'ங்கிறாரு.

இங்க வந்து சேர்றதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டுத் தெளிஞ்சுடுறாரு, டெஸ்டுல சர்க்கரை சரியாத்தான் இருக்கு. இவங்க என்ன சொல்றாங்க? இதய டாக்டர், 'என் மாத்திரையால இருக்காது'ங்கிறாரு. சர்க்கரை டாக்டர், 'என்னுதாலயும் இருக்காது'ங்கிறாரு. முட்டி டாக்டரு கேக்கவே வேணாம், அவருக்கு முட்டிக்கு மேல என்ன நடந்தாலும் கவலையில்ல. இதய டாக்டர் தினம் நடக்கச் சொல்றாரு. முட்டி டாக்டர் நடக்கவே கூடாதுங்கிறாரு. எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவாரு பாவம்? ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாதுன்னு தெருவுல பாதி தூரம் நடந்துட்டு, யார் வீட்டுக் காம்பவுண்டு சுவத்துலயாவது உக்காந்துட்டு வருவாரு. ரத்தம் எடுக்குறதாவது ஒழுங்கா எடுக்குறாங்களா? இவருக்கு ஒரு தடவ, அவருக்கு ஒரு தடவ! ஏன், இந்த ரூமுக்கு எடுத்த ரத்தம் அடுத்த ரூமுல செல்லாதா?

இப்பதான் புதுசா ஒரு நர்ஸப் போட்டிருக்காங்க. பேட்ஜுல நீளமா என்னமோ பட்டம், படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளு போயிடுது. நான் சேத்துவைக்கிற நர்ஸுன்னுதான் சொல்றது. மூணு டாக்டரையும் சேத்துவைக்கிறதுதான் அந்தப் பொண்ணுக்கு வேலை. காலையில மூணு பேரையும் உக்கார வெச்சு, யாரு யாருக்கு என்ன குடுத்தீங்கன்னு பேச வெக்கிது. நல்ல பொண்ணுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா என் குடும்பத்துல கொளுத்திப் போட்டுடுச்சு தம்பி.

பின்ன? நான் இல்லாத நேரம் பாத்து வீட்டுக்கு போன் பண்ணி அவருகிட்ட, 'ஐயா, வீட்டுல இருக்குற எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கு. இவரு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணுமா வேணாமா? மூணு பையையும் தூக்கிட்டு வந்து மேஜ மேல கொட்டிட்டாரு!

என்ன, மூணு விரலக் காட்டுற? என்ன மூணு பைன்னா? டாக்டருக்கு ஒரு பை தம்பி. இதயத்துக்குப் பச்சை, சர்க்கரைக்கு நீலம், முட்டிக்குக் கட்டம் போட்டது. எந்த டாக்டரப் பாக்க வர்றோமோ அவரு பைய மட்டும்தான் கொண்டாருவேன். அவங்க அவங்களுக்கு ஒரு மரியாத இருக்குல்ல? மொதல்ல எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. ஒரு நாள் சர்க்கரை மாத்திரைய எடுத்து முட்டி டாக்டர்கிட்ட காட்டிட்டேன். அவரு புருவத்தத் தூக்கி, 'இத யாரு குடுத்தது?'ன்னாரு. எனக்கு ஒரு வீட்டுல சாப்பிட்டுட்டு இன்னொரு வீட்டு விருந்துக்குப் போயி உக்காந்த மாதிரி கூசிப் போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். 'வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?'ன்னு எந்த டாக்டர் கேட்டாலும் இவரு என் மூஞ்சியப் பாப்பாரு, நான் டக்குனு, 'உங்க மாத்திரை மட்டும்தான் டாக்டர், அதுலதான் நிக்கிறாரு'ன்னுடுவேன். எவ்வளவு சந்தோஷப்படுவாங்க தெரியுமா? மூணு பேரையும் குளுகுளுன்னு வெச்சிருந்தேன் தம்பி!

என்ன கண்ண விரிக்கிற? பஞ்சு நகந்துடப் போவுது, கடிச்சுக்கோ.

கொட்டிப் பாத்தா, வயித்தெரிச்சலுக்கு மூணு பேரும் ஒரே மாத்திரைய வேற வேற பேருல குடுத்திருக்காங்க. நான் என்ன கண்டேன், அட்டை வேற வேற கலரு. அந்த நர்ஸு ரெண்ட எடுத்து ஓரமா வெச்சுடுச்சு. சரி, இனிமே சரியாயிடும்னாங்க. எங்க ஆச்சு? நேத்து மறுபடியும் வந்துடுச்சே! அதான் இன்னைக்கு மூணு பேரும் கதவ மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நர்ஸு உள்ள போறப்ப என்கிட்ட காதோட சொல்லிட்டுப் போச்சு, காரணம் புடிபடலைன்னா இதய மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம்னு இருக்காங்களாம். இதய மாத்திரைய! அது இருக்குறதாலதான் அவரு மாடிப்படி ஏறுறாரு. அத நிறுத்தினா என்ன ஆகும்? எனக்கு வேற யாரு இருக்கா தம்பி? நான் பேசுறதக் கேக்குறதுக்கு இந்த உலகத்துல அவரு ஒருத்தருதான்.

இவ்வளவு படிச்சவங்க மூணு பேரு... ஒரு மயக்கத்துக்குக் காரணம் கண்டுபுடிக்க முடியல. 'வீட்டுல வேற மாத்திரை எதுவும் இல்லையேம்மா?'ன்னு அந்த நர்ஸு என்னைத் திரும்பத் திரும்பக் கேக்குது. 'சத்தியமா இல்ல'ன்னேன். பொய்யா சொன்னேன்? இல்லதானே! பொடிதான் இருக்கு.

பொடி தம்பி. எங்க அக்கா கொண்டாந்து குடுத்துச்சு. அவங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரைய அப்படியே எறக்கி வெச்சுடுச்சாம். பொடிய யாராவது மருந்துல சேப்பாங்களா? காபியில ஒரு ஸ்பூன் கலந்துடுவேன். அவருக்குத் தெரியாது. சர்க்கரை போடாத காபி எப்படியும் கசக்கத்தான் போவுது, அதோட இதுவும் கசந்துட்டுப் போகட்டும்னுதான். சர்க்கரையும் எறங்குச்சே! சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு, 'பாத்தீங்களா, என் மருந்து எப்படி வேலை செய்யுது'ன்னு மூஞ்சியெல்லாம் பல்லா சிரிச்சாரு. அந்த நேரத்துல போயி, 'அது உங்க மருந்து இல்ல டாக்டர், எங்க அக்கா பொடி'ன்னு சொல்ல மனசு வருமா? நீயே சொல்லு. இல்ல, நீ சொல்ல வேணாம்.

என்ன, கடிகாரத்தக் காட்டுற? எப்பலேருந்தா? அக்கா வந்துட்டுப் போனதுலேருந்துதான். மயக்கமா? அதுவும்... அக்கா போனதுக்கு அப்புறம்தான். காலையிலதான் வரும். காபி குடிச்சு கொஞ்ச நேரத்துல...

ஏன் அப்படிப் பாக்குற தம்பி?

இல்ல. அப்படியெல்லாம் இருக்காது. அக்கா நல்லதுக்குத்தான் குடுத்துச்சு. நானும் நல்லதுக்குத்தானே... சர்க்கரைய மாத்திரையும் எறக்குது, பொடியும் எறக்குது, ரெண்டும் சேந்து... ஐயோ.

எங்க எந்திரிக்கிற? பல்லு டாக்டர் ரூம் அந்தப் பக்கம். அந்தக் கதவு வேணாம் தம்பி. அவங்க முக்கியமாப் பேசிட்டிருக்காங்க. தம்பி! உனக்குப் புண்ணியமாப் போகும், தட்டாதே. நான் வீட்டுக்குப் போயி டப்பாவத் தூக்கி எறிஞ்சிடுறேன், யாருக்கும் தெரிய வேணாம், அவருக்குத் தெரிஞ்சா... தட்டிட்டியே! வாயில பஞ்ச வெச்சவன் பேச மாட்டான்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

டாக்டர்... ஒண்ணுமில்ல டாக்டர். இந்தத் தம்பிக்குத்தான் என்னமோ பல்லுல... என்னைக் கை காட்டுறானா? பாவம், ரத்தம் போனதுல தடுமாறுறான். நீங்க பேசுங்க, பேசுங்க. கதவ...

இல்ல டாக்டர். மூடாதீங்க.

இதய மாத்திரைய நிறுத்தாதீங்க டாக்டர். அதுல ஒரு தப்பும் இல்ல. நர்ஸம்மா, நீயும் வா. என்னங்க, நீங்க என்னைப் பாக்காதீங்க, கொஞ்ச நேரம் ஜன்னலப் பாருங்க. மூணு டாக்டரும் இருக்கீங்கல்ல? நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரே தடவதான் சொல்லுவேன், தனித்தனியா வந்து சொல்ற தெம்பு எனக்கு இல்ல.