ரதியின் கழுத்து

— ஏங்க, சும்மா எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காராதீங்க. ஆஸ்பத்திரி வாட்டுல எல்லாரும் பாக்குறாங்க.

— காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது அழகம்மா. உள்ளுக்குள்ள புழு ஊர்ற மாதிரி இருக்கு. அந்தப் பேப்பர அங்கிட்டு வையி. அதப் பாத்தா இன்னும் கூடுது.

— ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டா நானே கொண்டுபோய் நர்ஸ் தம்பிக்கிட்ட குடுத்துர்றேன்.

— போடுறேன். மாசி போகட்டும். காமன் கூத்து முடிஞ்ச மறுநாள் போடுறேன்.

— மாசிக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு. டொக்டர் அடுத்த கெழமையே ஒப்பரேசன்ங்குறாரு.

— டொக்டருக்கு என்னா? கலஹாத் தோட்டத்துக்கு வந்து அவரா ரதி வேசம் கட்டப் போறாரு?

— ஆமா, நீங்க சேலை கட்டி ஆடாட்டி தோட்டமே இருண்டு போயிரும்.

— இருண்டுதான் போகும். மன்மதன எரிச்சதும் ரதி அழுகணும். அந்த அழுகையக் கேக்க மத்த தோட்டத்துச் சனம் லொறி புடிச்சு வருது. அது எந் தொண்டையில இருக்கு. கத்தி வைக்கிறதும் அங்கனதான்.

— அந்தா நர்ஸ் நளீர் தம்பியே வர்றாரு. அவருக்கிட்ட கேளுங்க.

— என்ன லெட்சுமணன் அண்ணே, இன்னம் ஒப்பம் வெக்கல்லயா?

— நீங்களே சொல்லுங்க தம்பி. ரத்தம் கழுவ வாரத்துல மூணு நாள் பஸ் ஏறி வர்றேன். கிட்னி வருத்தத்துக்கு எங் கழுத்த ஏன் வெட்டணும்?

— கிட்னி பழுதானா கழுத்துல ஈக்கிற நாலு சின்னச் சுரப்பியும் பெருத்துடும் அண்ணே. அது ஊத்துற ஹோமோன், எலும்புல ஈக்கிற கல்சியத்த உருவி ரத்தக் குழாய்ல கொண்டுபோய் அப்புது. குடுத்த குளிசை மருந்துக்கும் அடங்கல்ல. ஒங்கட இதயத்துக்குப் போற குழாய் படத்துல எலும்பு போல வெள்ளையாத் தெரியுது. சுரப்பிய எடுத்தா அது மட்டுப்படும்.

— கொரலு?

— குரல் நரம்பு பக்கத்தால போகுது. அநேகமா ஒண்டும் ஆகாது. ஆனா ஆகவே ஆகாதுண்டு டொக்டரும் செல்ல மாட்டாரு. யோசிங்க, நான் அடுத்த வாட்டுக்குப் பெய்த்துட்டு வாரன்.

— கேட்டியா அழகம்மா? கொரலு போனாலும் போகலாம்னு அவரே சொல்லிட்டாரு.

— குழாய் எலும்பாப் போச்சுன்னும் சொன்னாரு. அது மட்டும் ஒங்க காதுல விழல.

— பாட்டு இல்லாட்டி நான் யாரு? மெசின்ல ஊசியக் குத்திக்கிட்டுக் கெடக்குற நோயாளி. குடிக்கிற தண்ணியையே அளந்து குடிக்கிறேன். அந்த ஒரு அழுகைதான் எனக்கு அளக்காமக் கெடைக்குது.

— தெரியுங்க.

— அந்த அழுகைப் பாட்ட முழுசாத் தெரிஞ்சவன் தோட்டத்துல வேற எவனும் இல்ல. எரிச்சதுல இருந்து, கடைசியில மன்மதன் எந்திரிக்கிற அடி வரைக்கும். எங்கூடவே அது போயிரும்.

— இன்னொரு ஆள் இருக்கு.

— யாரு, கறுப்பையா மகனா? அவனுக்கு ரெண்டு அடி சேந்து வராது.

— நான்தான்.

— நீயா? பொம்பளைங்க ரதி கட்டுறதில்லயே. நீ எப்ப படிச்ச?

— படிக்கலங்க. ஒங்க குழாய் படத்தப் பாத்துட்டு வந்ததுல இருந்து, மலையில கொழுந்து எடுக்குறப்ப அது தானா வாயில வருது. முந்தாநாள் பக்கத்து நெரையில நின்ன பேச்சியம்மா கேட்டுட்டு, கூடைய எறக்கி வச்சிட்டு அழுதுட்டா. புருசன் உசுரோட இருக்கயில இதப் பாடாதடின்னு ஏசுனா. நிப்பாட்டத்தான் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது.

— அழகம்மா, இங்க பாரு...

— எல்லா அடியும் வந்திருச்சுங்க. மன்மதன் எந்திரிக்கிற அடி மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. இந்தாங்க, பேனையப் புடிங்க.