மேல் சரிவுக் கருவி

எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர மேசை யாருக்கும் பிடிக்காது, வெயில் மூஞ்சியில் அடிக்கும் என்பார்கள். எனக்குப் பிடிக்கும். எதிரே மலை முழுசாகத் தெரியும்.

அந்த மலை பொது நிலம். மண் நகர்கிறதா என்று பார்க்க அங்கங்கே கருவிகள் புதைத்திருக்கிறோம். அவை அனுப்பும் அளவுகளை அலசி, நடைபாதையைத் திறக்கலாமா மூடலாமா என்று மேலிடத்துக்குச் சொல்வது என் வேலை. ஒரு கருவி மட்டும் தனியாக எகிறினால் அதைப் பழுது என்று குறித்துவிட்டு, பக்கத்துக் கருவிகளின் சராசரியைப் போடுவோம். வழக்கம்தான், நான் கண்டுபிடித்ததில்லை.

என் மைத்துனனை இதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். மனைவிக்கு ஒரே தம்பி. கெட்டிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். மழை பிடித்துக்கொண்ட வாரம், இயக்குநர் முன்னாலேயே சொன்னான்: "மாமா, மேல் சரிவுக் கருவி பழுது இல்ல. மண்ணு நிஜமாவே நகருது."

"மச்சான் உங்களையே தூக்கிச் சாப்பிட்டுடுவார் போலிருக்கே" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

மாலையில் அந்த அளவுகளை நிதானமாகப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. சரிவு எந்த நேரமும் இறங்கும்.

பாதை வழுக்குகிறது என்று காரணம் காட்டி, பொதுமக்களை விடவேண்டாம் என்று எழுதினேன். சம்பந்தமில்லாதவர்கள் எதற்குச் சாகவேண்டும்? நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கருவியைப் பழுது என்றே குறித்தேன். மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டேன்.

"நீயே போய்க் கழட்டிப் பாரு. பழுது இல்லன்னா எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன்."

"மழை விடட்டுமே மாமா?"

"பயமா இருந்தா வேண்டாம்ப்பா."

கிளம்பிவிட்டான். அவனை எனக்குத் தெரியாதா?

மத்தியானம் மனைவி போன் செய்தாள். "தம்பி சாப்பிட்டானாங்க?"

"வந்ததும் சாப்பிடுவான்" என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சரிவு இறங்கியது. ஜன்னல் சாத்தியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், மாடியில் காயப்போட்ட துணி நனைந்த கதையை.

இன்னும் என் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன், தெரிந்தேதான். ஆனால் ஒன்று. அந்தக் கருவியிலிருந்து அன்றைக்குப் பிறகு ஓர் அளவுகூட வரவில்லை. பழுது என்று நான் சொன்னதில் என்ன தப்பு?