தனிக்கட்டை மீன் தகப்பனான கதை

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் தேவபிரசாதம் அண்ணாச்சி அவர்களே, உப்பிலும் உழைப்பிலும் ஊரை உயர்த்திய பெரியோர்களே, வேம்பாரிலிருந்து பேருந்து மாறி வந்திருக்கும் தாய்மார்களே, கடலையே கேள்வி கேட்கத் துணிந்த மாணவச் செல்வங்களே, கடல் உயிரியல் கற்பிக்கும் இந்த ஜெபசுதாவின் கனிவான வணக்கம்.

வளர்ந்த பின் மனம் மாறுமா? முதிர்ந்த மூளைக்குள் புதிதாய் ஒரு பாசம் முளைக்குமா?

மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஆண் கோமாளி மீன் செத்துப்போனது. அந்த இனத்தில் முட்டைக்குக் காவல் தகப்பன்தான். துடுப்பால் விசிறுவதும் அவன், தூசு துடைப்பதும் அவன். அவன் போனதும், தொட்டிக்குள் வைத்த மண்ணோட்டில் ஒட்டியிருந்த நானூறு முட்டைகள் நாதியற்று நின்றன.

அடுத்த தொட்டியில் இணைசேராத ஓர் ஆண்மீன் இருந்தது. அந்த மண்ணோட்டை அதனிடம் வைக்கச் சொன்னேன். தொட்டிகளைப் பராமரிக்கும் பால்துரை தயங்கினார்.

"இது தனிக்கட்டை மேடம். தின்னுரும்லா."

"தின்னா எடுத்துருவோம். விசிற ஆளில்லன்னா எப்படியும் சாகத்தான போகுது."

வைத்தார். மீன் வந்தது, சுற்றியது, ஒரு முட்டையைக் கவ்வியது. முன்வரிசைப் பிள்ளைகள் உதட்டைக் கடிக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் நின்றோம். பால்துரை தண்ணீருக்குள் கையை விட்டுவிட்டார். ஆனால் அது கவ்வியது வெளுத்துப்போன முட்டை. அதைத் துப்பிவிட்டு விசிறத் தொடங்கியது. விசிறியது, விசிறியது, இரை போட்டபோதும் விசிறியது. எட்டாம் நாள் காலையில் தொட்டி முழுக்கக் குஞ்சுகள்.

எப்படி? வளர்ந்த மூளையின் உயிரணுக்களிலும் மரபணுக்கள் ஒரேயடியாய் உறங்கிவிடுவதில்லை. முட்டை கண்ணில் பட்டால் சில விழிக்கின்றன, சில அடங்குகின்றன. மரபணுவின் எழுத்து அதேதான், உடல் அதை வாசிக்கும் வாசிப்பு மாறுகிறது. வாசிப்பு மாற, வாழ்வே மாறுகிறது. எங்கள் மீனின் மூளையை நாங்கள் அறுத்துப் பார்க்கவில்லை. பால்துரை விடவில்லை. இப்படிப்பட்ட உயிர்களை ஆராய்ந்தவர்கள் கண்டதைத்தான் சொல்கிறேன்.

பால்துரைக்கும் அவர் மனைவி பானுப்ரியாவுக்கும் அப்போது பதினொரு ஆண்டுகளாகப் பிள்ளை இல்லை. தத்தெடுப்போம் என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "அடுத்தவன் பிள்ளை மேல எனக்கு ஒட்டுமா?" என்று தள்ளிப்போட்டவர். குஞ்சு பொரித்த அன்று காலை ஈரக் கையோடு வந்து நின்றார்.

"மேடம், மனுசனுக்கும் இப்படி நடக்குமோ?"

"முழுசாத் தெரியாது பால்துரை. பிள்ளையத் தூக்கி வளக்குற ஆம்பளைக்கும் மூளை மாறுதுன்னு சொல்லுதாவ."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "அப்ப தூக்கித்தான் பாக்கணும்" என்றார்.

அன்பர்களே, ஒரு சிறுமீனின் மூளையிலேயே இத்தனை வாசல் என்றால், இவர் இனி இப்படித்தான் என்று எவரை நாம் ஒதுக்குவது? எந்த வயதில் ஒதுக்குவது? எந்த உரிமையில் ஒதுக்குவது?

விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து, இரண்டு மாதத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாய் ஒரு பெண்குழந்தை வந்தாள். அதோ, மூன்றாம் வரிசையில், தகப்பன் தோளில் தூங்குகிறாள். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும், அவளை எழுப்பாத குரலில், என் நன்றி. வணக்கம்.