இரண்டு துண்டும் மண்ணிறம்

— அப்ப என்ட மூக்குக்குள்ள இருந்து கிள்ளி எடுத்த துண்டுக்கு முயலிட ரத்தத்தை ஊத்தினீங்களா, பூரணி டொக்டர்?

— இரத்தம் இல்லை, அபூதாஹிர் நானா. முயலின்ர இரத்தத்தில இருந்து பிரிச்செடுத்த ஒரு சாமான். அன்ரிபொடி, பிறபொருளெதிரி எண்டு சொல்லுவம்.

— முயலெண்டா பரவாயில்ல, ஹலால்தான். அது என்ன செய்யும்?

— மூக்குக்குள்ள மணத்தைப் பிடிக்கிற சின்னக் கலங்கள், செல்லுகள், இருக்கு. இது அதுகளைத் தேடிப் போய் ஒட்டும். ஒட்டின இடம் மண்ணிறமா வரும். வந்தால் கலங்கள் உயிரோட இருக்கெண்டு அர்த்தம்.

— அதுக்கா இவ்வளவு நாள் இழுத்தீங்க?

— கொழும்பில இருந்து ஐஸ் பெட்டியில வந்தது. செக்பொயின்ற்றில குப்பி என்னத்துக்கெண்டு கேட்டவங்கள். மணத்துக்கெண்டு சொன்னன். ஆமிக்காரன் மோந்து பாத்திட்டு, ஒண்டும் மணக்கேல்லை, பொய் சொல்லுறாய் எண்டு பின்னேரம் வரைக்கும் மறிச்சு வச்சவன்.

— அவன் சொன்னதும் சரிதானே.

— ஓம். அதுக்குள்ள ஐஸெல்லாம் தண்ணி.

— சரி, விடுங்க. எனக்கு மண்ணிறம் வந்திச்சா?

— வந்தது.

— அல்ஹம்துலில்லாஹ். பொஞ்சாதி றஹ்மாக்கு இப்பவே போன் அடிக்கிறன். துறைமுகத்துக்கு ஷெல் அடிச்ச அண்டைக்கு விழுந்து தலை அடிபட்டு மணம் போனதில இருந்து, அவதான் நம்மட சோத்துக் கடைக்கு வாற மீனை மோந்து தாறா. அவ உம்மாட வீட்ட போன அண்டைக்கு, நான் அழுகின பாரை மீனைக் கறியாக்கி வெச்சிட்டன். அதைத் திண்ட துறைமுகத்துப் பொடியன்மார் உங்கட ஆஸ்பத்திரி வாட்டிலதான் வந்து படுத்தானுகள்.

— நானா, போனை வையுங்கோ. இன்னொரு துண்டுக்கும் அதே அன்ரிபொடி போட்டனான்.

— அது ஆருட துண்டு?

— சின்ன வயசில காய்ச்சல் வந்து மணம் போன ஒரு ஆள். மூக்கில அந்தக் கலங்களே இல்லையெண்டு முன்னமே பாத்தாச்சு. அதில மண்ணிறம் வரக்கூடாது. அப்பதான் உங்கட மண்ணிறத்தை நம்பலாம்.

— வந்திச்சா?

— வந்தது. உங்கடையை விட வடிவா.

— அப்ப?

— சாமான் பிழை. கண்டதிலயும் போய் ஒட்டுது. பிறகு எலியின்ர ஈரலில போட்டுப் பாத்தன். அதுவும் மண்ணிறம்.

— எலிட ஈரலுக்கு மணம் தெரியுமா?

— தெரியாது.

— அப்ப என்ட மூக்கு?

— இருக்கோ இல்லையோ எண்டு என்னால சொல்ல ஏலாது. குறை நினையாதேங்கோ.

— உங்களை நான் ஏன் குறை நினைக்கிற? கட்டாரில மச்சான் கட்டட வேலைக்கு வரச் சொல்லுறான். சீமெந்து குழைக்க மூக்குத் தேவல்ல. றஹ்மாதான் அழுது அழுது சோறு தின்னாமக் கிடக்கா.

— வேற அன்ரிபொடி எடுப்பிச்சுப் பாக்கலாம், நானா.

— அது வரக்குள்ள நான் அங்க ரெண்டு மாடி கட்டி முடிச்சிருவன். சரி, வாறன் டொக்டர். அடுப்பில என்னத்தையோ மறந்திட்டீங்க போல, பாருங்க.

— இங்க அடுப்பு இல்லையே. ஏன்?

— கருகுதே.

— என்ன கருகுது?

— றப்பர் மாதிரி. வயர்தான் போல… டொக்டர்.

— சொல்லுங்கோ.

— எனக்கு மணக்குது.

— எந்தப் பக்கத்தில இருந்து?

— உங்கட கதிரைக்குப் பின்னால. வரவரக் கூடுது. உங்களுக்கு மணக்கல்லியா?

— இல்லை, நானா. அந்த மற்றத் துண்டு என்ர மூக்கில எடுத்தது. கெதியா வந்து எந்த வயரெண்டு சொல்லுங்கோ.