சாப்பாட்டுக்கு மேல ஒரு டீ

பெற்றோர்களே, டீச்சர்மாரே... ஒரு நிமிஷம். எழுதிட்டு வந்த பேப்பர்ல டீ கொட்டிடுச்சு. மேல 'பேரன்புமிக்க' தெரியுது, கீழ 'நன்றி' தெரியுது. நடுவுல ஒரே டீக்கறை. சிரிங்க, சிரிங்க. டீக்கடைக்காரனைச் சத்துணவு விழாவுல பேசக் கூப்பிட்டா இப்படித்தான் ஆகும். பேப்பர் போகட்டும்... எங்க வீட்டுல நடந்ததையே சின்னக் கதையாச் சொல்லிடறேன்.

என் மக செவ்வந்தி. நம்ம பள்ளிக்கூடத்துலதான், நாலாம் வகுப்பு. போன வருஷம் ஒரு நாள் முட்டை சாப்பிட்டா. அரை மணி நேரத்துல கையெல்லாம் தடிப்புத் தடிப்பா அரிப்பு. ஒரு தகப்பன் என்ன செய்யணும்? டாக்டர்கிட்ட போகணும். நான் என்ன செஞ்சேன்? நானே டாக்டர் ஆயிட்டேன்! பத்தாவதுல சயின்ஸ் முப்பத்தஞ்சு மார்க்கு... போதாதா?

"முட்டையை நிறுத்து!" நிறுத்தியாச்சு. அடுத்த வாரம் மீன் தின்னுட்டுச் சொறிஞ்சா. "மீனை நிறுத்து!" கடலை... "நிறுத்து!" முருங்கைக்கீரை பாவம், அது என்ன பண்ணுச்சு? அன்னிக்குக் கொசு கடிச்சிருக்கும். அதையும் நிறுத்து!

வீட்டுக்காரி இந்திராணி கேட்டா: "ஏங்க, எல்லாத்தையும் நிறுத்திட்டா பிள்ளை எதைத்தாங்க திங்கும்? காத்தையா?"

"ரசஞ்சோறு இருக்குல்ல? அதுக்கு மேல நம்ம கடை டீ ஒரு கிளாஸ், ஸ்ட்ராங்கா. உள்ள போனதெல்லாம் அடங்கிடும்டி!"

நம்ம கடையில பாத்திருப்பீங்க. பரோட்டா தின்னவர் கை கழுவிட்டுத் திரும்பறதுக்குள்ள, கேக்காமலே கிளாஸை நீட்டுவேன். செமிக்குமாம்! இருபது வருஷ வைத்தியம். அதையே மகளுக்கும்... மூணு வேளை.

நாலு மாசம் ஆச்சு. மாடிப்படி ஏறினா பிள்ளைக்கு மூச்சு வாங்குது. முகம் வெளுத்துப்போச்சு. சரி, தடிப்பாவது நின்னுச்சா? எங்க! இப்ப ரசஞ்சோத்துக்கும் வருது! ஒரு நாள் காலையில பிரேயர்ல மயங்கி விழுந்தா... இந்தா, இந்தக் கொடிக்கம்பத்துக்கிட்டதான்.

அப்புறம்தான் இந்த ஐயா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போனாரு. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. "இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அது குறைஞ்சா உடம்போட காவலே தடுமாறும். சாதாரணச் சாப்பாட்டைக்கூட எதிரின்னு நினைச்சுப் பாய வாய்ப்பு இருக்கு. முட்டையைத் தனியா டெஸ்ட் பண்ணிப் பாப்போம். மத்ததை எல்லாம் யாருங்க நிறுத்தச் சொன்னது?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பட்டினி கிடக்கிற வாட்ச்மேன், யாரு எவருன்னு தெரியாம வீட்டுக்கு வந்த விருந்தாளியை அடிக்கிறான். நான் வாட்ச்மேனுக்குச் சோறு போட்டேனா? இல்லை. ஒவ்வொரு விருந்தாளியா வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன்!

டாக்டரம்மா விடலை. "சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கம் இருக்கா?"

"ஏன் டாக்டர்?"

"சாப்பாட்டுல இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் அது உடம்புல சேர விடாது."

"அது வந்து... இவதான் டாக்டர், கடைக்கு வந்து அடம் பிடிச்சுக் குடிப்பா"ன்னுட்டேன்.

"இனிமே குடிக்கக் கூடாது பாப்பா, சரியா?"

செவ்வந்தி என்னைப் பாத்தா. அப்புறம் அவங்களைப் பாத்தா. "சரி டாக்டர். இனிமே அடம் பிடிக்க மாட்டேன்."

இப்போ மருந்து குடிக்கிறா. டாக்டரம்மா சொல்லச் சொல்ல, கீரை, கடலை, மீன்னு ஒவ்வொண்ணாத் தட்டுக்குத் திரும்பி வருது. முட்டை மட்டும் இன்னும் வாசல்லயே நிக்குது. மாடிப்படியில இப்ப எனக்குத்தான் மூச்சு வாங்குது.

இதை எதுக்குச் சொன்னேன்? பிள்ளைக்கு ஒண்ணு ஒத்துக்கலைன்னா, தட்டுல எதை எடுக்கலாம்னு மட்டும் பாக்காதீங்க... உடம்புல எது இல்லைன்னும் பாக்கச் சொல்லுங்க. டாக்டரைப் பாக்கச் சொல்றேன், டீ மாஸ்டரை இல்லை! நம்ம கடையிலயும் இனிமே, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாத்தான் டீ.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வண்டியில வர்றோம். பின்னால செவ்வந்தி என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. வீடு வர்றதுக்குள்ள சொல்லிடணும், சொல்லிடணும்னே வண்டி ஓட்டினேன்... 'நீ எங்கம்மா அடம் பிடிச்சே? கசக்குதுப்பா, வேண்டாம்ப்பான்னுதான் சொன்னே. ஊத்தி ஊத்திக் குடுத்தவன் நான்தான்.'

வீடு வந்துடுச்சு. வண்டியை நிறுத்தினேன். "இறங்கும்மா"ன்னு மட்டும்தான் சொன்னேன்.